விண்வெளித் தரவுக்கு எங்கள் ஊரில் ஒரு மேசை: வடக்கில் பௌதிகவியல் கற்பிப்போருக்கும் நூலகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே, விரிவுரையாளர்களே, நூலகர்களே,

வணக்கம். நான் யாழ்ப்பாணம் கொண்டாவிலில் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை. உங்களிடம் ஒன்று கேட்பதற்காக இதை எழுதுகிறேன். என்ன கேட்கிறேன் என்பதற்கு முன்னால், அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

2022 மார்ச் மாதக் கடைசி உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் இல்லை. மாலை வகுப்புக்கு வந்த பிள்ளைகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முற்றத்தில் இறங்கி நின்றார்கள். அமாவாசையை ஒட்டிய நாட்கள். தெருவிளக்கு இல்லை, கடை வெளிச்சம் இல்லை. ஊருக்கு நடுவில் நின்று அப்படி ஒரு வானத்தை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. தெற்கே தாழ்வாக அகத்தியர் நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கிட்ட மங்கலாக நின்ற ஒன்றைக் காட்டி ஒருத்தி கேட்டாள்: "அதுக்கு என்ன பேர் ரீச்சர்?"

பீட்டா பிக்டோரிஸ். 63 ஒளியாண்டுத் தொலைவு. அதைச் சுற்றித் தூசி இருப்பதை 1983இல் ஐராஸ் என்ற விண்கலம் உணர்ந்தது. இரண்டு கோள்கள் சுற்றுகின்றன. 2018 ஒக்டோபரிலிருந்து 2019 பெப்ரவரித் தொடக்கம்வரை நாசாவின் டெஸ் விண்கலம் அதை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்தது. அந்த அளவீட்டில், அந்த நட்சத்திரத்தின் முன்னால் வால்வெள்ளிகள் கடந்துபோன தடயத்தை ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2019இல் வெளியிட்டார்கள். இவ்வளவையும் இருட்டில் நின்று சொன்னேன். அவள் அடுத்ததாகக் கேட்டாள்: "அந்த அளவீட்டை நாங்களும் பாக்கலாமோ?"

பார்க்கலாம் என்றேன். அந்தச் சொல்லைக் காப்பாற்ற ஐந்து கிழமை எடுத்தது. இந்த மடல் அந்த ஐந்து கிழமையைப் பற்றியது.

டெஸ் விண்கலத்தின் தரவு அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள மாஸ்ட் என்ற காப்பகத்தில் இருக்கிறது. ஹபிள், கெப்ளர், ஜேம்ஸ் வெப் என்ற விண்வெளித் தொலைநோக்கிகள் எல்லாவற்றின் தரவும் அங்கேதான். டெஸ் தரவுக்குக் கட்டணம் கிடையாது, கடவுச்சொல் கிடையாது. எங்களுக்கு வேண்டியது நான்கு கோப்புகள். நான்கும் சேர்ந்து 10 மெகாபைட்கூட வராது. ஒரு சினிமாப் பாட்டுக் காணொளி அதைவிடப் பெரிது. ஆனால் தேடல் பக்கத்தில் நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்ததும் நூற்றுக்கணக்கான வரிகள் வந்து விழுந்தன. எது படம், எது அளவீடு, எது யாரோ பிறகு திருத்திய பதிப்பு என்று பிரித்தறிய முதல் இரண்டு மாலையும் போயின. கோப்பு இறங்கியபோது மடிக்கணினிக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை. "வைரஸ் ஏதும் வந்திட்டுதோ?" என்று ஒரு பொடியன் பயந்துபோய்க் கேட்டான். பயப்பட்டதில் பிழை இல்லை. அந்தக் கோப்பு வகையின் பெயரை அவன் எந்தப் பாடத்திலும் கண்டதில்லை.

அதன் பெயர் ஃபிட்ஸ். வானியலாளர்களின் பொதுக் கோப்பு வடிவம். தலைப்பில் ஒவ்வொரு வரிக்கும் 80 எழுத்து. பழைய கணினிகளின் துளை அட்டைக் காலத்து அகலம் அது. கோப்பு முழுவதும் 2880 பைட் கொண்ட கட்டங்களாக அடுக்கப்பட்டிருக்கும். ஒருமுறை ஃபிட்ஸாக எழுதியது எக்காலத்திலும் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அதை வைத்திருப்பவர்களின் உறுதி. இன்றுவரை அதைக் காப்பாற்றி வருகிறார்கள். அந்த வடிவத்தை விவரித்த கட்டுரை வெளிவந்த ஆண்டு 1981. அந்த ஆண்டைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது நான் சற்று நிறுத்தினேன். எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்கள் எரிந்த ஆண்டு. நான் ஏன் நிறுத்தினேன் என்று அவர்கள் கேட்கவில்லை.

சரி, கோப்பைத் திறந்தோம். பைதன் மொழியில் இதற்கென்றே எழுதப்பட்ட லைட்கர்வ் என்ற இலவச மென்பொருள் தொகுப்பு உதவியது. அட்டவணையின் முதல் நிரலில் நேரம்: 1410.9, 1410.9, 1410.9 என்று தசமத்தின் கடைசியில் மட்டும் நகரும் எண்கள். "இது என்ன வருசம் ரீச்சர்?" வானியலாளர்கள் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணுவார்கள், அது யூலியன் நாள். அந்த எண் இருபத்துநான்கு இலட்சத்தைத் தாண்டிவிட்டதால், டெஸ் குழுவினர் 2457000ஐக் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறார்கள். 1410.9 என்றால் 2018 ஒக்டோபர் 19.

இதை விளங்கப்படுத்தச் சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தைத்தான் கழற்றினேன். வாக்கிய பஞ்சாங்கம் கணிப்பவர்களும் கலியுகத் தொடக்கத்திலிருந்து நாட்களை எண்ணுகிறார்கள். எண் பெரிதாகிவிடும் என்பதால் அவர்களும் முதலில் 1600984ஐக் கழிக்கிறார்கள், பிறகு மிச்சத்திலிருந்து 12372ஐயும், அடுத்து 3031ஐயும், கடைசியில் 248ஐயும் போகுமட்டும் கழிக்கிறார்கள். 248 நாளில் சந்திரன் தன் அண்மைப் புள்ளிக்கு ஒன்பது தடவை வந்துபோகிறது. ஆகவே 248 நாளுக்கு 248 வாக்கியங்களை, அதாவது எண்ணை எழுத்தில் மறைத்த சிறு சொற்றொடர்களை, மனப்பாடம் செய்தால் சந்திரன் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். அந்த 248ஐயே 'தேவர' என்று எழுத்தில் ஒளித்து வைத்தார்கள்: தே என்றால் 8, வ என்றால் 4, ர என்றால் 2, வலமிருந்து வாசிக்கவேண்டும். பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு அந்த 1410.9ஐத் திரும்பப் பார்த்த பார்வை வேறாக இருந்தது. அந்நியமான ஓர் எண்ணாக அது அவர்களுக்குத் தெரியவில்லை.

வாக்கியங்கள் ஒரு தரவுக் காப்பகம் என்பதை அன்றைக்குத்தான் நானும் முழுதாக உணர்ந்தேன். 1825இல் ஜோன் வாரன் என்ற படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைக் கண்டார். அவர் தரையில் கிளிஞ்சல்களை அடுக்கி, மனப்பாடமான வாக்கியங்களைக்கொண்டு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரம் சில நிமிடங்களுக்குள் சரியாக வந்தது. அந்தத் தரவு அழியவில்லை, இன்றும் ஏட்டிலும் அச்சிலும் இருக்கிறது. ஆனால் அதைத் திறந்து கணிக்கத் தெரிந்தவர்கள் சில குடும்பங்களுக்குள் சுருங்கிவிட்டார்கள். தரவு பத்திரமாக இருந்தும் திறக்க ஆளில்லாமல் போவது எப்படி நடக்கும் என்பதை நாங்கள் வேறெங்கும் போய்ப் படிக்கத் தேவையில்லை.

பீட்டா பிக்டோரிசுக்குத் திரும்புகிறேன். முதல் கோப்பை வரைந்தபோது நடுவில் கிட்டத்தட்ட இரண்டரை நாள் வெற்றாக இருந்தது. நட்சத்திரத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒருவன் கண்டுபிடிப்பு அறிவிக்கவே தயாராகிவிட்டான். அந்த நாட்களில் கருவிக்கும் விண்கலத்துக்கும் இடையில் தொடர்பு அறுந்திருந்தது என்று வெளியீட்டுக் குறிப்பில் எழுதியிருக்கிறது. அந்தக் குறிப்பு வேறொரு பக்கத்தில், வேறொரு கோப்பில், அடர்ந்த ஆங்கிலத்தில் இருந்தது. பிறகு, ஒளியின் அளவுக்கே இரண்டு நிரல்கள் இருந்தன. ஒன்று விண்கலம் கண்டபடி. மற்றது கருவியின் கோளாறுகளைக் கழித்துத் திருத்தியது. திருத்தியதைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். ஆனால் அந்தத் திருத்தம் சிலவேளை நட்சத்திரத்தின் உண்மையான மாற்றத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். எப்போது எதை எடுப்பது என்பது அனுபவத்தில் வருவது. கேட்பதற்கு எங்களுக்கு ஆள் இருக்கவில்லை.

அதற்குமேல் அந்த நட்சத்திரம் தானாகவே துடிக்கிறது, ஒரு நாளைக்குப் பல பத்துத் தடவை. அதனால் எங்கள் ஒளி வளையி, அதாவது நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபு, ஒரு தடித்த பட்டியாகத்தான் வந்தது, வால்வெள்ளியைக் காணவில்லை. துடிப்புகளை ஒவ்வொன்றாக இனங்கண்டு கழிக்கவேண்டும். ஐந்தாவது கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், விறாந்தையில் மடிக்கணினியைச் சுற்றி ஆறு பேர் நிற்க, அந்தப் பட்டி மெலிந்து கோடானது. கோட்டில் மூன்று சிறிய பள்ளங்கள். ஆழமானது நட்சத்திர ஒளியில் நூற்றில் ஒரு பங்கின் ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. இறங்கும்போது சடாரென்று இறங்கி, ஏறும்போது மெல்ல மெல்ல ஏறியது. "வால் கடந்து முடியும்வரைக்கும் மெல்லத்தானே ஏறும்" என்று அந்தப் பிள்ளை சொன்னாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. முற்றத்தில் நின்று கேள்வி கேட்டவள் அவள்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஐந்து கிழமையில் பௌதிகவியலுக்குச் செலவானது ஒரு கிழமைதான் இருக்கும். மற்ற நான்கும் வாசலைத் தேடுவதில் போயின. எந்தக் கோப்பு, எந்த நிரல், எந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது என்பதில் போயின. தெரிந்த ஒருவர் பக்கத்தில் அரை மணி நேரம் இருந்திருந்தால் அந்த நான்கு கிழமையும் மிஞ்சியிருக்கும். பணமோ கருவியோ எங்களைத் தடுக்கவில்லை. கேட்பதற்கு ஓர் ஆள் இல்லாததுதான் தடுத்தது.

இது பள்ளிப் பிள்ளைகளின் பிரச்சினை மட்டும் அல்ல. என்னிடம் படித்த ஒருவர் பிறகு ஒரு பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் படித்தார். இறுதியாண்டு ஆய்வுக்கு விண்வெளிக் காப்பகத் தரவை எடுக்க விரும்பினார். "எங்களிட்ட தொலைநோக்கி இல்லையே" என்று பதில் வந்தது. வேறு தலைப்பு எடுத்தார். பதில் சொன்னவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவரும் அப்படி ஒரு காப்பகத்தைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு இல்லாமலே படித்து வந்திருப்பார். ஆனால் அந்த எண்ணம் தவறானது, அதைத் தொடர்ந்து விட்டுவைக்கக்கூடாது.

தொலைநோக்கியில் நேரம் கேட்டு வாங்கியவர்கள் எழுதும் கட்டுரைகளைவிட, ஹபிளின் பழைய தரவைக் காப்பகத்திலிருந்து எடுத்து எழுதப்படும் கட்டுரைகள் பல ஆண்டுகளாகவே அதிகம். 1998இல் ஹபிள் எடுத்த ஒரு படத்தில் எச்ஆர் 8799 என்ற நட்சத்திரத்தின் கோள் ஒன்று யார் கண்ணிலும் படாமல் பதிந்திருந்தது. அந்தக் கோள்கள் தரையிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 2009இல் புதிய பட ஆய்வு முறையோடு அந்தப் பழைய கோப்பைத் திரும்பத் திறந்தவர்களுக்கு அது தெரிந்தது. கெப்ளர்-90 என்ற நட்சத்திரத்தின் எட்டாவது கோள் 2017இல் வெளிப்பட்டது. அதைக் காட்டிய அளவீடுகள் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காப்பகத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. ஐயூஈ என்ற புறஊதாத் தொலைநோக்கி 1996இல் நிறுத்தப்பட்டது. அது விட்டுச்சென்ற ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட நிறமாலைகளை இன்றும் எடுத்து ஆராயலாம். இவற்றில் எதற்கும் சொந்தத் தொலைநோக்கி தேவைப்படவில்லை.

இன்னொரு நாளையும் நினைவுபடுத்துகிறேன். 2022 யூன் 13. நாங்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம். அன்றைக்கு ஐரோப்பிய விண்வெளி முகமை, நட்சத்திரங்களின் இடத்தையும் தொலைவையும் அளந்த காயா விண்கலத்தின் மூன்றாவது தரவு வெளியீட்டைத் திறந்தது: ஏறத்தாழ 180 கோடி நட்சத்திரங்கள். காயாவில், சிலர் மட்டும் முதலில் பார்க்கும் முன்னுரிமைக் காலம் என்று எதுவும் வைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் இருப்பவருக்கும் காரைநகரில் இருப்பவருக்கும் அதே மணிக்கு அதே தரவு. டெஸ்ஸும் அப்படித்தான். ஜேம்ஸ் வெப்பில்கூட வழக்கமாக ஓர் ஆண்டு காத்திருந்தால் போதும்.

காயாவில் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. 180 கோடி வரிகளை யாரும் இங்கே இறக்கத் தேவையில்லை. ஏடிகியூஎல் என்ற வினா மொழியில் நாலு வரி எழுதி அனுப்பினால், மாட்ரிட்டுக்குப் பக்கத்தில் உள்ள கணினி தேடிவிட்டு விடையை மட்டும் அனுப்பும். எங்களுக்கு 326 ஒளியாண்டுக்குள் இருக்கும் நட்சத்திரங்கள் எவை? பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரம் இடம் மாறித் தெரியும் கோணம்தான் இடமாறு; கிட்ட இருந்தால் அது கூடும். இடமாறு 10 மில்லி வில்விநாடிக்கு மேல் உள்ளவற்றைக் கொடு என்று கேட்டால் போதும். மெதுவான இணைப்பும் பழைய மடிக்கணினியும் உள்ளவருக்கு இது பெரிய விடுதலை. இப்படிக் கேட்கும் முறையை 2002இல் தொடங்கிய ஒரு பன்னாட்டுக் கூட்டணி பொது விதியாக்கி வைத்திருப்பதால், ஒரு காப்பகத்தில் பழகிய கைக்கு மற்றவையும் இலகுவாகப் பழகும். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், பெங்களூருக்கு அருகே பயலாலுவில் இருக்கும், இந்தியாவின் அஸ்ட்ரோசாட் விண்கலத்தின் தரவும் 2018 முதல் வெளியாருக்குத் திறந்திருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். வடக்கில் ஏதாவது ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், ஒரு மேசை. அதில் ஒரு கணினி, மின்வெட்டைத் தாங்கும் ஒரு மின்கலம், கெப்ளர், டெஸ் ஒளி வளையிகளில் தெரிந்தெடுத்த சில ஆயிரங்களை முன்கூட்டியே இறக்கி வைத்த ஒரு வன்தட்டு. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பில் இரவில் ஆறுதலாக இறக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கிழமைக்கு இரண்டு பின்னேரம் அந்த மேசையில் இருப்பதைத் தன் கடமையாக ஏற்ற ஓர் ஆள். தொண்டாக என்றால் நாலு மாதத்தில் நின்றுவிடும். நேர அட்டவணையில் பெயர் இருக்கவேண்டும். வருவது இறுதியாண்டு மாணவராக இருக்கலாம், விரிவுரையாளராக இருக்கலாம், கிளிநொச்சியிலிருந்தோ மன்னாரிலிருந்தோ பஸ் ஏறி வந்த ஓர் ஆசிரியராகவும் இருக்கலாம். யார் வந்தாலும் முதல் கோப்பைத் திறக்கும்வரை கூட இருக்கவேண்டும்.

ஏன் நூலகம், ஏன் ஆய்வுகூடம் இல்லை என்று கேட்பீர்கள். காப்பகம் என்பது நூலகர்களின் தொழில். எங்கள் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும், 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற திட்டத்தைப் பாருங்கள். வெறுமனே பக்கங்களை வருடி ஏற்றியிருந்தால் அது ஒரு குவியலாகத்தான் இருந்திருக்கும். ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், வகை என்று பொறுமையாகப் பட்டியலிட்டதால்தான் இன்று யாரும் ஒரு பழைய பஞ்சாங்கத்தைக்கூடத் தேடி எடுக்கமுடிகிறது. விண்வெளித் தரவிலும் தலைப்பு வரிகள், பதிப்பு எண், எந்தத் தொகுப்பை எடுத்தோம் என்று மேற்கோள் காட்டும் முறை ஆகியவையே பாதி ஆய்வு. அதை விளங்கிய நூலகர் ஒருவரும் பௌதிகவியல் தெரிந்த ஒருவரும் ஒரே மேசையில் இருந்தால் மிச்சம் தானாக நடக்கும்.

தமிழில் கைந்நூலும் வேண்டும். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களும் ஆக்கினார். அந்த ஊர்களில் இருந்துகொண்டு ஒரு கோப்பைத் திறக்கும் வழியைத் தமிழில் எழுத முடியாது என்று சொல்லக்கூடாது. எழுதும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு வளையி. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு வளைகோடு. இங்கே பௌதிகவியல், அங்கே இயற்பியல். பழைய பாடநூலில் திருசியம், இப்போது நிறமாலை. எது சரி என்று சண்டை பிடிக்காமல் இரண்டு சொல்லையும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். அப்போது மதுரையிலும் மட்டக்களப்பிலும் அதே கைந்நூல் பயன்படும்.

தொலைவில் இருந்து காப்பகங்களைப் பேணுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அங்கே வேலை செய்யும் தமிழர்கள் யாராவது இதை அவர்களிடம் கொண்டுபோங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சிறு முன்பார்வைப் படம், கோப்பின் அளவு, கருவிக் கோளாறு இருந்த நாட்கள் ஆகிய மூன்றையும் இறக்குவதற்கு முன்பே ஒரே பக்கத்தில் காட்டுங்கள். இடையில் அறுந்த இறக்கம் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும். 400 மெகாபைட்டை இறக்கியபிறகு தொடங்கும் பயிற்சிகளோடு, 4 மெகாபைட்டில் முடியும் பயிற்சிகளையும் வையுங்கள். தரவைத் திறந்துவைத்த உங்கள் பெருந்தன்மைக்கு நன்றியோடுதான் இதைக் கேட்கிறேன்.

பாடத்திட்டத்தில் நேரம் எங்கே என்று சக ஆசிரியர்கள் கேட்பது எனக்குத் தெரியும். நானும் அதே பாடத்திட்டத்தைத்தான் முடிக்கிறேன். ஆனால் அலைகளும் வழுக் கணிப்பும் படிப்பிக்கும் இடத்தில், பாடநூல் வரைபுக்குப் பதிலாக உண்மையான நட்சத்திரம் ஒன்றின் வளையியை வைத்தால் கூடுதல் நேரம் ஒன்றும் போகாது.

காயாவின் நான்காவது வெளியீடு 2026 டிசம்பரில் என்று அறிவித்திருக்கிறார்கள். ஐந்தரை ஆண்டு அளவீடு; இதுவரை சராசரியாக மட்டும் கிடைத்தவற்றுக்கு இம்முறை ஒவ்வொரு தடவை அளந்ததும் தனித்தனியாக வரும். உலகம் முழுவதும் பல ஆண்டுகளுக்கு அதில் வேலை இருக்கும். அது திறக்கும் நாளில் வடக்கில் அந்த மேசை இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

அந்த ஐந்து கிழமையும் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதி வைத்தார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினோம், எந்தப் பிழைச் செய்தி வந்தது, எப்படித் தீர்ந்தது என்று படிப்படியாக, தமிழில். 31 பக்கம். மேசையைப் போட முன்வருகிற எவருக்கும் அதன் பிரதியைக் கொண்டுவந்து தருகிறேன். முதல் மூன்று மாதத்துக்குச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நானும் வந்து இருக்கிறேன்.

அன்புடன்,
கொண்டாவிலிலிருந்து ஒரு பௌதிகவியல் ஆசிரியை